லண்டனின் புகை எந்த வீட்டிலிருந்து வந்தது?

கைத்தொழிற் புரட்சி பாடம் வந்தால் நம் பிள்ளைகள் வரையும் படம் எப்போதும் ஒன்றுதான். நீளமான ஆலைக் கட்டடம், அதன்மேல் நாலைந்து உயரமான புகைபோக்கிகள், அவற்றிலிருந்து சுருள் சுருளாகக் கறுப்புப் புகை. விடைத்தாளிலும் அதையேதான் எழுதுவார்கள்: ஆலைகளின் புகையால் நகரங்கள் மாசடைந்தன. நானும் புள்ளி கொடுத்துவிடுவேன். பிழை இல்லை, ஆனால் பாதிக் கதை.

லண்டனைப் பல நூற்றாண்டுகள் இருட்டாக்கி, கடைசியில் 1952 டிசம்பரில் ஐந்தே நாட்களில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்த புகையில் பெரும் பங்கு, சாதாரண மனிதர்களின் வீட்டு முன்னறையிலிருந்து வந்தது. பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் குளிர்காய்ந்த நெருப்பிலிருந்து வந்தது. அந்தப் புகை கெடுதி என்பது 13ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அதைத் தடுக்கச் சட்டங்களும் போட்டார்கள். அந்தச் சட்டங்கள் எல்லாம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. ஏன் நின்றன என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் அந்தக் கரியைப் பற்றி. நிலக்கரி எல்லாம் ஒரே சரக்கல்ல. அந்திரசைட் என்று ஒரு வகை உண்டு. கல் மாதிரி இறுகியது, பற்றவைப்பது கடினம், பற்றிவிட்டால் புகை மிகக் குறைவு. இங்கிலாந்தின் வீடுகளில் எரிந்தது அதுவல்ல. பிட்டுமினஸ் நிலக்கரி. தாரும் எரியக்கூடிய வாயுக்களும் உள்ளே அடங்கியிருக்கும் கரி. இலகுவில் பற்றும், நல்ல மஞ்சள் சுவாலை வரும், பார்க்க அழகாக இருக்கும். மக்கள் அதை விரும்பியதற்கு அந்த அழகும் ஒரு காரணம்.

கணப்பு என்று நான் சொல்வதை நுவரெலியாவில் வெள்ளைக்காரர் கட்டிய பழைய பங்களாக்களில் பார்த்திருப்பீர்கள். சுவரோடு சேர்த்துக் கட்டிய ஒரு குழி, அதற்குள் இரும்புக் கிராதி, மேலே கூரைவரை போகும் புகைக்குழாய். முன்பக்கம் திறந்தபடி இருக்கும். இந்தக் கிராதியில் எரிந்துகொண்டிருக்கும் கரிமேல் ஒரு சட்டி புதுக் கரியைக் கொட்டினால் என்ன நடக்கும்? நெருப்பின் மேற்பகுதி குளிர்ந்துவிடும். புதுக் கரி கீழிருந்து சூடேறும்போது உள்ளிருக்கும் தாரும் வாயுக்களும் முதலில் ஆவியாக வெளிவரும். அந்த ஆவி எரிவதற்கு நல்ல வெப்பமும், வெப்பத்தோடு கலந்த காற்றும் வேண்டும். திறந்த கணப்பில் இரண்டும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அறையிலிருந்து இழுபடும் குளிர்காற்று ஆவியை எரியவிடாமலே புகைக்குழாய்க்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். அதுதான் கறுப்புப் புகை. கரியில் இருக்கும் கந்தகம் கந்தகவீரொட்சைட்டாகக் கூடவே போகும். வெப்பத்திலும் பெரும் பகுதி வானத்துக்குத்தான். அறைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. முகம் சுடும், முதுகு விறைக்கும்.

நம்முடைய நுரைச்சோலையில் எரிவதும் பிட்டுமினஸ் வகைதானே என்று சிலர் கேட்கலாம். உண்மை. ஆனால் அங்கே கரியை மாவாக அரைத்து, காற்றோடு சேர்த்துக் கொதிகலனுக்குள் ஊதி, மிகக் கடும் வெப்பத்தில் எரிக்கிறார்கள். தார் ஆவி தப்ப வழியில்லை. அந்த நிலையத்தின் சாம்பலும் மற்றப் பிரச்சினைகளும் வேறு கதை. இங்கே சொல்ல வருவது, ஒரே கரி எரியும் இடத்தைப் பொறுத்து வேறு வேறு புகை தரும் என்பதுதான். பத்து இலட்சம் சிறு கணப்புகளில் எரியும் கரி, ஒரு பெரிய கொதிகலனில் எரியும் அதே அளவு கரியைவிட மிக மோசமாகப் புகைக்கும். அந்தப் புகை வெளியேறுவதும் வீட்டுக் கூரை உயரத்தில், மனிதர் மூச்சுவிடும் இடத்துக்குப் பக்கத்தில்.

இனி வரலாறு. வட இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலிருந்து கப்பலில் வந்ததால் லண்டன் மக்கள் இதற்குக் கடற்கரி என்று பெயர் வைத்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் இதை எரித்தவர்கள் சுண்ணாம்புச் சூளைக்காரரும் கொல்லரும்தான். 1257இல் நொட்டிங்ஹாம் கோட்டையில் தங்கியிருந்த அரசி எலினோர் கரிப்புகை தாங்காமல் அங்கிருந்து கிளம்பிப் போனார். அவருடைய மகன் முதலாம் எட்வேர்ட் 1307இல் லண்டனை அடுத்த பகுதிகளின் சூளைகளில் கடற்கரி எரிக்கக் கூடாதென்று கட்டளை போட்டார். கட்டளையை மீறிய ஒருவரைத் தூக்கிலிட்டார்கள் என்ற கதை இன்னும் இணையத்தில் சுற்றுகிறது. அதற்கு உறுதியான ஆவணம் எதுவும் இல்லை, பகிர வேண்டாம். கட்டளையால் பெரிய பயனும் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் வீடுகளில் எரிந்தது விறகு. அறையின் நடுவில் அடுப்பு, புகை கூரைத் துவாரத்தால் போகும். 16ஆம் நூற்றாண்டில் லண்டனின் சனத்தொகை மளமளவென்று ஏறியது. 1600 அளவில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். பக்கத்துக் காடுகளின் விறகு போதவில்லை, விலை எகிறியது. ஏழைகள் முதலில் கரிக்கு மாறினார்கள், பிறகு நடுத்தர மக்கள், கடைசியில் பணக்காரர். ஆனால் நிலக்கரியை அறையின் நடுவில் வைத்து எரிக்க முடியாது, கண்ணும் மூக்கும் எரிந்துவிடும். கரியைத் தூக்கி நிறுத்தக் கிராதி வேண்டும், ஒடுங்கிய புகைக்குழாய் வேண்டும். 1577இல் வில்லியம் ஹரிசன் என்பவர் தன் நூலில், ஊரில் பழையவர்கள் கண்டு வியக்கும் மாற்றங்களில் ஒன்றாகப் புதிது புதிதாக முளைத்த புகைபோக்கிகளைக் குறிப்பிடுகிறார். எரிபொருள் மாறியதால் வீட்டின் கட்டமைப்பே மாறியது. வீடு கரிக்காகக் கட்டப்பட்ட பிறகு, கரியை விட்டு வெளியேறுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசி முதலாம் எலிசபெத்தும் கடற்கரிப் புகை பற்றி முறைப்பட்டார். பழி விழுந்தது மது வடிப்போர்மேல். 1661இல் ஜோன் ஈவ்லின் என்ற அறிஞர் லண்டன் புகையைப் பற்றி ‘ஃபியூமிஃப்யூஜியம்’ என்ற சிறு நூலை எழுதி மன்னர் இரண்டாம் சார்ள்ஸிடம் கொடுத்தார். மாசு பற்றிய நூல்களில் இன்றும் முதலில் பேசப்படுவது அது. புகையால் நுரையீரல் கெடுகிறது, கட்டடம் கறுக்கிறது, பூக்கள் பூப்பதில்லை என்றெல்லாம் கண்ணால் கண்டதை எழுதினார். ஆனால் குற்றவாளி யார்? மது வடிப்போர், சாயம் போடுவோர், சுண்ணாம்பு சுடுவோர், சவர்க்காரம் காய்ச்சுவோர். வீட்டு நெருப்புக் கொஞ்சம்தான், அதன் புகை இலகுவாகக் கலைந்துவிடும் என்று ஒரு வரியில் விடுவித்துவிட்டார். ஆலைகளை நகருக்கு வெளியே தள்ளி, சுற்றிவர வாசனைச் செடிகள் நடலாம் என்பது அவருடைய தீர்வு. மன்னருக்குப் பிடித்திருந்தது, செயலில் ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு கூர்மையான மனிதர்கூடத் தன் வீட்டுப் புகைபோக்கியை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அடுத்த வருடமே அரசு கணப்புகள்மேல் கைவைத்தது, ஆனால் புகைக்காக அல்ல, காசுக்காக. 1662இல் கணப்பு வரி வந்தது. ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷிலிங். எண்ணிப் பார்க்க வரிக்காரர் வீட்டுக்குள் வருவார். மக்கள் கொதித்துப் போனார்கள். முன்பின் தெரியாதவன் வீட்டுக்குள் நுழைந்து அறை அறையாகப் பார்ப்பதா? 1689இல் புதிதாக ஆட்சிக்கு வந்த வில்லியமும் மேரியும் மக்களைச் சமாதானப்படுத்த அந்த வரியை ஒழித்தார்கள். ஆங்கிலேயனுக்கு அவன் வீடு கோட்டை என்ற எண்ணம் அங்கே அவ்வளவு ஆழமானது. வீட்டுக் கணப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்ற பாடத்தை ஆட்சியாளர்கள் அதன்பின் மறக்கவே இல்லை.

கரியை வீட்டுக்கு வரும் வழியில் வைத்து வரி போடுவதற்கு இந்தப் பயம் இருக்கவில்லை. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்த லண்டனை மீளக் கட்ட, துறைமுகத்துக்கு வரும் நிலக்கரிக்கு வரி விதித்தார்கள். சென் போல் பேராலயம் எழுந்ததும் அந்தப் பணத்தில்தான். பிறகு அதே கரியின் புகை அதன் வெள்ளைக் கல்லைக் கறுப்பாக்கியது.

புகைபோக்கிக்கு உள்ளே நடந்தது இதைவிடக் கொடுமை. பிட்டுமினஸ் கரியின் தார்ப்பசை புகைக்குழாயின் உட்சுவரில் படிந்து, பிறகு தீப்பிடிக்கும். எனவே அடிக்கடி சுரண்ட வேண்டும். சில குழாய்கள் ஒன்பது அங்குலச் சதுரம். அதற்குள் பெரியவர்கள் போக முடியாது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை ஏற்றினார்கள். 1775இல் பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், புகைபோக்கி சுத்தம் செய்தவர்களின் விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று உலகில் முதன்முதலில் காட்டப்பட்டது இதில்தான். 1788இல் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு எடுக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. 1834இல் இன்னொன்று, 1840இல் இன்னொன்று, 1864இல் இன்னொன்று. நீளத் தடியில் பொருத்திய தூரிகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளை ஏறினால்தான் சுத்தமாகும் என்று நம்பிய வீட்டுக்காரர்களும் நிறுவனங்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள். 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மனநல விடுதியின் புகைக்குழாயில் சிக்கி ஜோர்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்தான். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அந்த மரணத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். அந்த வருடச் சட்டம்தான் இந்த வழக்கத்தை உண்மையில் முடித்தது. முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையில் 87 வருடம்.

இதே காலத்தில் புகைக்கு எதிரான சட்டங்களும் வந்தன. 1821இல் நீராவி இயந்திர உலைகள் பற்றி ஒன்று, 1853இல் லண்டனின் ஆலைகளுக்கும் ஆற்றுப் படகுகளுக்கும் ஒன்று. 1875இன் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் புகைபோக்கிகளைப் பற்றிய பிரிவை வாசித்தால், தனியார் வீட்டுப் புகைபோக்கி நீங்கலாக என்று தெளிவாக எழுதியிருக்கும். 1891இன் லண்டன் சட்டத்திலும் அதே விலக்கு. ஆலைகள் மெல்ல மெல்லத் திருந்தின, கொதிகலன்கள் மேம்பட்டன. நகரமோ விரிந்துகொண்டே போனது. ஒவ்வொரு புது வீட்டிலும் அறைக்கொரு கணப்பு.

1873 டிசம்பர் மூடுபனியில் லண்டன் கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த கொழுத்த மாடுகள் மூச்சுத்திணறிச் செத்தன. 1880இல் ரோலோ ரஸல் லண்டன் மூடுபனி பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். முன்னாள் பிரதமர் ஒருவரின் மகன் அவர். ஈவ்லினுக்கு 219 வருடம் கழித்து, குற்றவாளி வீட்டுக் கணப்புதான் என்று அந்த நூல் நேரடியாகச் சொன்னது. அடுத்த வருடம் தென் கென்சிங்டனில் புகை குறைக்கும் அடுப்புகளுக்கே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பழைய கிராதியிலேயே கரி போட்டார்கள். 1921இல் நியூட்டன் பிரபு தலைமையிலான அரசாங்கக் குழுவும் வீட்டுப் புகையின் பங்கை எடுத்துக்காட்டியது. 1926இல் வந்த சட்டம் மறுபடியும் வீடுகளுக்கு விலக்களித்தது.

இதை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஏழைக் குடும்பத்துக்கு வேறு வழி என்ன இருந்தது? அந்திரசைட் விலை கூட. தாரையும் வாயுவையும் முன்பே நீக்கிய கோக், பழைய கிராதியில் சரியாகப் பற்றாது. அடுப்பையே மாற்ற வேண்டும், அதற்குக் காசு வேண்டும். கணப்பை நிறுத்து என்று மட்டும் சொல்லும் சட்டம், குளிரில் கிட என்று சொல்வதற்குச் சமம். அதோடு கணப்பு என்பது வெப்பம் மட்டுமல்ல. வீட்டில் எல்லோரும் முகம் பார்த்து உட்காரும் ஒரே இடம். எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1945 டிசம்பர் 8ஆம் திகதி ஒரு மாலைப் பத்திரிகையில் திறந்த கணப்புக்கு ஆதரவாக ஒரு கட்டுரையே எழுதினார். குடும்பத்தை ஒன்றுசேர்ப்பது அதுதான் என்பது அவர் வாதம். நெஞ்சு நோயாளி அவர், காசநோயால்தான் இறந்தார்.

அந்தக் கட்டுரை வந்து சரியாக ஏழு வருடத்தில் அந்த வாரம் வந்தது.

போர் முடிந்தும் பிரித்தானியாவில் கரிக்குப் பங்கீடுதான். அரசுக்குக் கடன், நல்ல கரி ஏற்றுமதிக்குப் போனது. மக்களுக்கு எஞ்சியது தூளும் சிறு துண்டுகளும் கலந்த மட்டக்கரி. ‘நட்டி ஸ்லாக்’ என்பார்கள். 1952 டிசம்பர் 1இல் இருந்து அதைப் பங்கீடின்றி விரும்பியளவு வாங்கலாம் என்று அறிவித்தார்கள். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி, ஈர விறகை ஊதாங்குழலால் ஊதிய நமக்கு அந்த மக்களின் நிலை புரியும். கிடைத்ததை எரித்தார்கள். கடும் குளிர் வேறு.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. காற்று அசையவில்லை. குளிர்ந்த காற்று தரையோடு தங்க, அதற்கு மேல் சூடான காற்று மூடிபோட்டது. புகை மேலே போக வழியில்லை. ஆலைகள், மின்நிலையங்கள், வாகனங்கள், இலட்சக்கணக்கான கணப்புகள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 தொன் புகைத்துகளை அந்த மூடிக்குக் கீழே கொட்டின. குளிர் கூடக்கூட மக்கள் இன்னும் கரி போட்டார்கள். நடத்துனர் தீப்பந்தம் பிடித்து முன்னால் நடக்க, பஸ் பின்னால் ஊர்ந்தது. பிறகு பஸ்களும் நின்றன. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை நுழைந்து இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். லண்டன்காரருக்கு மூடுபனி புதிதல்ல, அதனால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. செவ்வாய்க்கிழமை காற்று வீசிக் கலைந்த பிறகு, சவப்பெட்டி தட்டுப்பட்டபோதுதான் என்ன நடந்தது என்று தெரியவந்தது. வழமையைவிட ஏறத்தாழ 4000 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், குழந்தைகள், நெஞ்சு நோயாளிகள். அடுத்த இரண்டு மாதங்களிலும் இறப்புக் குறையவில்லை. அரசு அதை இன்புளுவென்சா கணக்கில் எழுதியது. 2001இல் ஆய்வாளர்கள் மீளக் கணக்கிட்டபோது மொத்தம் 12,000 அளவில் வந்தது.

வீடமைப்பு அமைச்சர் ஹரல்ட் மக்மிலன் முதலில் புதுச் சட்டம் தேவையில்லை என்ற நிலையில் இருந்தார். பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் மும்முரமாக இருப்பதுபோலக் காட்டிக்கொள்ளலாம் என்ற கருத்தில் அவர் சக அமைச்சர்களுக்கு எழுதிய இரகசியக் குறிப்புப் பின்னாளில் வெளிவந்தது. குழு ஒன்று போட்டார்கள். தலைவர் சேர் ஹியூ பீவர், கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாகி. கின்னஸ் சாதனைப் புத்தகத்துக்கு யோசனை கொடுத்தவரும் அவரே. கண்துடைப்புக்குப் போட்ட குழு உண்மையாகவே வேலை செய்துவிட்டது. நாட்டின் புகையில் ஏறத்தாழப் பாதி வீடுகளிலிருந்து வருகிறது, வீடுகளைத் தொடாமல் எந்தச் சட்டமும் பயன் தராது என்று 1954இல் எழுதினார்கள். அரசு இழுத்தடித்தது. ஜெரால்ட் நபாரோ என்ற ஆளும்கட்சி உறுப்பினரே தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்க, 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி தடை அல்ல, பணம். புகைக் கட்டுப்பாட்டு வலயம் என்று ஒரு பகுதியை அறிவித்தால், அங்குள்ள வீட்டுக்காரர் கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கு பொதுப் பணம். மீதிதான் அவருடையது. முந்தைய சட்டங்கள் ஒன்றும் தராமல் விலக்கு மட்டும் கொடுத்தன. இது விலக்கை எடுத்துவிட்டுக் கையில் காசு கொடுத்தது. உடனே எல்லாம் மாறவில்லை. 1962 டிசம்பரில் மறுபடியும் ஒரு நச்சுமூட்டம் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. சுரங்கத் தொழிலாளருக்குக் கரி சலுகையாகக் கிடைத்த ஊர்களில் வலயம் அறிவிக்கவே நீண்ட காலம் எடுத்தது. சுரங்கக்காரன் வீட்டில் கரி எரியக் கூடாதென்று அங்கே எந்த நகரசபை சொல்லும்? 1967இல் இருந்து வட கடல் எரிவாயு வீடுகளுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் மாற்றம் வேகம் பிடித்தது.

அயர்லாந்தின் டப்ளின் நகரம் இந்தக் கதையைத் தாமதமாகத் திரும்ப வாழ்ந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் மக்கள் நிலக்கரிக்குத் திரும்பினார்கள். 1982 ஜனவரியில் புகைமூட்டத்தோடு இறப்புகளும் உயர்ந்தன. அங்கே அரசு செய்தது வித்தியாசமானது. கணப்பில் எரிப்பதைத் தடுக்க அதிகாரியை வீட்டுக்குள் அனுப்பவில்லை. 1990 செப்டம்பர் 1இல் இருந்து டப்ளினில் பிட்டுமினஸ் நிலக்கரி விற்பதைத் தடை செய்தது. கடையில் கரி இல்லை, அவ்வளவுதான். காற்றிலிருந்த கறுப்புப் புகை ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. இதய நோய் இறப்பும் தடையால்தான் குறைந்தது என்று 2002இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு நடந்த மீளாய்வில், அது நாடு முழுவதும் ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்ததுதான் என்று தெரிந்தது. சுவாச நோய் இறப்புக் குறைந்தது மட்டும் உறுதியாக நின்றது.

1689இல் கணப்பு எண்ணும் ஆளை வீட்டை விட்டுத் துரத்திய இங்கிலாந்தும் கடைசியில் இந்த வழிக்கே வந்தது. 2021 மே மாதத்தில் பையில் அடைத்த வீட்டு நிலக்கரி விற்பனை அங்கே நின்றது. லொறியில் கொண்டுவந்து அளந்து கொட்டும் வியாபாரிகளுக்கு இன்னும் இரண்டு வருடம் அவகாசம் கொடுத்து, 2023 மே மாதத்தில் அதையும் நிறுத்தினார்கள்.